ஆவாரமேட்டில் நாலு ஸ்டேஷன்

அம்சவள்ளிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அரியலூர் தந்தி ஆபீசில் அவளோடு வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். அவள் கத்துகிற வரைக்கும் பயமில்லை. 'சரிங்க சார்' என்று மெதுவாகச் சொல்லிவிட்டாளோ, எதிரே நிற்கிறவன் தொலைந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வேணுகோபால் சாரிடம் அவள் அப்படித்தான் சொன்னாள். பாவம், அவர் தந்தி ஆபீசில் வேலை பார்த்தவர் இல்லை.

வேணுகோபால் சார் ஓய்வுபெற்ற எஞ்சினியர். அரியலூரில் மாடிவீடு, மாடிக்கு மேலே ஆள் உயரத்தைப் போல நாலு மடங்குக்கு ஏரியல் கம்பம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் அவரோடு சேர்த்து ஐந்தே பேர். சர்க்கார் பரீட்சை எழுதி, போலீஸ் வந்து விசாரித்துப் போன பிறகு, தன் கையாலேயே செட்டைச் செய்து காற்றில் பேசுகிற கூட்டம் அது. சம்பளம் கிடையாது, சொந்தக் காசுதான் கரையும். பஜாரில் அவர்களுக்கு 'ஒயர்லெஸ் பைத்தியங்கள்' என்று பெயர். ஐந்து பைத்தியத்தில் பெண் பைத்தியம் அம்சவள்ளி ஒருத்திதான்.

எண்பத்தாறாம் வருஷப் புரட்டாசி. முந்தின வருஷம் ஐப்பசி வெள்ளத்தில் டெலிபோன் கம்பிகள் எல்லாம் அறுந்து, எந்த ஊரில் என்ன நிலவரம் என்று தெரியாமல் தாலுகாவே கண்ணைக் கட்டிவிட்டது போலக் கிடந்தது. அதனால் இந்த வருஷம் தாசில்தார் வேணுகோபால் சாரைக் கூப்பிட்டு, உங்கள் ஒயர்லெசால் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். சாருக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. திட்டமும் நல்ல திட்டம்தான், அதில் குறை சொல்ல முடியாது. நாலு பேர் வண்டியில் செட்டோடு கிளம்ப வேண்டும். ஊர் ஊராக நின்று, அரைமணிக்கு ஒரு தடவை, இப்போது இந்த இடத்தில் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சார் அரியலூரில் உட்கார்ந்துகொண்டு, சொல்லச் சொல்லச் சுவரில் மாட்டிய பெரிய தாலுகா வரைபடத்தில் கலர் குண்டூசி குத்துவார். ஆள் நகர்ந்தால் ஊசியும் நகரும். நின்று சோதித்த ஊருக்குச் சிவப்பு மையில் வட்டம். வட்டம் போட்ட இடத்துக்கெல்லாம் வருகிற மழையில் படகு போகும். சாயங்காலம் தாசில்தாரே வந்து படத்தை வாங்கிப் போகிறார்.

அந்தப் படத்தைப் பார்த்த உடனே அம்சவள்ளி கேட்டாள்.

"ஒதியங்குறிச்சிக்கு ரெண்டு வட்டம் வேணும் சார். ஆவாரமேட்டைக் காணுமே?"

"ஒரு ஊருக்கு ஒரு வட்டம்மா. லிஸ்ட் அப்படித்தான் வந்திருக்கு. ஆவாரமேடு ஒதியங்குறிச்சியோட காலனிதானே?"

"காலனிதான். ஆனா ஓடைக்கு அந்தப் பக்கம் சார். தண்ணி வந்தா அது வேற, இது வேற. போன வருசம் படகு ஊரோட நின்னுடுச்சு."

"அதெல்லாம் ஊர்ப் பெரியவங்ககிட்ட பேசியாச்சு. படகு வந்தா அவங்க காலனிக்கும் அனுப்பி வைப்பாங்க. நீங்க முதல்ல ஒதியங்குறிச்சிப் பள்ளிக்கூடத்துல நின்னு சொல்லுங்க, அப்புறம் குன்னம் ரோட்டுக்குப் போங்க. சின்ன விஷயத்தைப் பெருசு பண்ணாதீங்க."

"சரிங்க சார்" என்றாள் அம்சவள்ளி, மெதுவாக.

சின்ன விஷயமாம்! போன வருஷம் படகு ஒதியங்குறிச்சிப் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. சோற்றுப் பொட்டலம் இறக்கினார்கள், டாக்டர் இறங்கினார், படகு திரும்பியது. ஒதியங்குறிச்சி முடிந்தது என்று எழுதிக்கொண்டார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் மேட்டில் நின்று ஆவாரமேட்டு ஜனம் சேலையை அவிழ்த்து வீசி வீசிக் கூப்பிட்டது. அவர்களுக்கும் அனுப்புங்கள் என்று ஊரில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அம்சவள்ளியின் அக்கா காத்தாயிக்கு அப்போது இடுப்பு வலி எடுத்து ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகியிருந்தது. பிள்ளை பிறந்தது, அழவில்லை. வெள்ளத்தில் செத்த பிள்ளை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வெள்ளம் அந்தப் பிள்ளையைத் தொடவே இல்லை. படகு வராததால் செத்தது. இரண்டும் ஒன்றா?

இப்போது காத்தாயி மறுபடி முழுகாமல் இருந்தாள். எட்டாம் மாதம். ஐப்பசிக் கடைசியில் நாள் என்று நர்சம்மா சொல்லியிருந்தாள். அடைமழை கொட்டுகிற அதே ஐப்பசி.

அம்சவள்ளி தன் டிவிஎஸ் ஐம்பதில் பின்னால் பேட்டரியையும் செட்டுப் பெட்டியையும் கயிறு போட்டுக் கட்டி, கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். ஒதியங்குறிச்சிப் பள்ளிக்கூடம் வந்தது. வண்டி நிற்கவில்லை. கடைவீதி போயிற்று, கோயில் போயிற்று, வறண்டு கிடந்த ஓடை மணலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறி, ஆவாரமேட்டுக்கே போய் நிறுத்தினாள். ஏரியல் கம்பியில் கல்லைக் கட்டி வேப்பமரத்தின் மேலே வீசினாள். இரண்டாவது வீச்சில் கிளையில் விழுந்தது.

காத்தாயி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஏண்டி, லீவு நாளும் அதுவுமா மரத்துல கம்பி கட்டிட்டு நிக்கிற? தந்தி ஆபீச இங்க தூக்கிட்டு வந்துட்டியா?"

"பேசாம இரு அக்கா. கூப்புடற நேரம்."

செட்டு கரகரத்தது. வேணுகோபால் சாரின் குரல் வந்தது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அவர் கேட்டது ஒரே கேள்விதான்: உங்கள் க்யூடிஹெச் என்ன? இருக்கிற இடத்துக்கு அவர்கள் பாஷையில் அதுதான் பெயர். ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீசியனாக இருந்த சிங்காரவேலு தான் நிற்கிற ஊரைச் சொன்னார். பெரம்பலூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அய்யாக்கண்ணு சொன்னார். ஹைஸ்கூல் சயின்ஸ் வாத்தியார் தர்மன் சொன்னார். சார் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்ல, அவர்கள் 'சரி' என்றார்கள். அது அவரே போட்ட சட்டம். சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னவர் 'சரி' என்றால்தான் ஊசி ஏறும், இல்லாவிட்டால் தப்பான இடத்துக்குப் படகு போய்விடும் என்று காலையில் விரலை ஆட்டி ஆட்டிப் பாடம் நடத்தியிருந்தார்.

"அம்சவள்ளி, உங்க க்யூடிஹெச் என்ன? ஓவர்."

"ஆவாரமேடு. ஒதியங்குறிச்சி ஓடைக்குக் கிழக்கே. ஓவர்."

"ஒதியங்குறிச்சி. சரியா? ஓவர்."

"சரி இல்லீங்க சார். ஆவாரமேடு. திருப்பிச் சொல்லுங்க. ஓவர்."

"ஒதியங்குறிச்சின்னு எடுத்துக்கறேன்."

"நீங்க எடுத்துக்குவீங்க சார், நான் குடுக்கல. ஆவாரமேடு. ஓவர்."

சார், அடுத்த சுற்று அரைமணி கழித்து என்று சொல்லிவிட்டு முடித்துக்கொண்டார். இந்தப் பெண் கொஞ்ச நேரத்தில் சலித்துப் போய்க் குன்னம் ரோட்டுக்குக் கிளம்பிவிடுவாள் என்று நினைத்திருப்பார். அம்சவள்ளி காத்தாயி கொடுத்த நீர்மோரைக் குடித்துவிட்டு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

இரண்டாவது சுற்றிலும் அவள் அதையேதான் சொன்னாள். இடம் மாறவில்லை, ஆவாரமேடு, ஓவர். நடுவில் சிங்காரவேலு புகுந்தார். அவருக்கு எதையும் கேலியாகச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

"என்ன தங்கச்சி, நகர மாட்டேங்குற? வண்டி பஞ்சரா?"

"வண்டி நல்லாத்தான் இருக்குண்ணே. சாரோட படந்தான் பஞ்சரு."

சிங்காரவேலு வாய்விட்டுச் சிரித்தார். ஆனாலும், "எதுக்கும்மா வம்பு? ஒத்தை வட்டத்துக்குப் போயி பெரிய மனுசனோட மல்லுக்கு நிக்கிறியே" என்றார். நல்ல மனுஷன்தான், ஆனால் அவர் வீடு ஓடைக்கு எந்தப் பக்கமும் இல்லையே.

மூன்றாவது சுற்றில்தான் வேணுகோபால் சார் அந்தக் காரியத்தைச் செய்தார். எல்லோரையும் கேட்டார். அம்சவள்ளியைக் கூப்பிட்டார். அவள் சொன்னாள்.

"அம்சவள்ளி, உங்க சிக்னல் வரலை. ஓவர்."

அவள் மறுபடி சொன்னாள், நிறுத்தி நிறுத்தி.

"அம்சவள்ளி ஸ்டேஷன் கேட்கவில்லை. தொடர்பு இல்லைன்னு எழுதிக்கறேன். மத்தவங்க அடுத்த ஊருக்குக் கிளம்பலாம்."

ஒரு நிமிஷம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கம்பியைப் பார்த்தாள், மரத்தில் விறைப்பாக நின்றது. மைக்கை அழுத்திப் பார்த்தாள், மீட்டர் முள் துள்ளியது. பேட்டரி நேற்று ராத்திரி சார்ஜ் போட்டது. செட்டில் ஒரு குற்றமும் இல்லை. அவர் காது நன்றாகக் கேட்டது. மனசுதான் அடைத்துக்கொண்டது.

"என்னடி சொல்றாரு?" என்றாள் காத்தாயி.

"நான் பேசறது கேக்கலையாம்."

"அடப்பாவி! போன வருசம் நாங்க கத்துனதுந்தான் கேக்கலன்னு சொன்னாங்க. இதுக்கு இம்மாம் பெரிய பொட்டி எதுக்கு? நானே மேட்டுல ஏறி நின்னு கத்திட்டுப் போறேன்." கேலியாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது வயிற்றில் கையை வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "விட்டுடு அம்சா. நான் முன்னாடியே கெளம்பி ஆஸ்பத்திரித் திண்ணையில போயி உக்காந்துக்கறேன்."

"ஒரு மாசம் உக்காந்திருப்பியா? நீ உக்காந்துக்குவ, மேட்டுல மிச்சம் இருக்கற சனம் எங்க போயி உக்காரும்? வாய மூடு அக்கா."

ரேடியோ பைத்தியங்களிடம் எத்தனையோ குறை உண்டு. பெண்டாட்டி பிள்ளையிடம் பொய் சொல்வார்கள், சாமான் வாங்கிய விலையில் பாதியை மறைப்பார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் பொய் சொல்ல மாட்டார்கள். காற்றில் ஒருவன் கூப்பிடுவது காதில் விழுந்தால், விழுந்தது என்று சொல்லியாக வேண்டும். பகையாளியாக இருந்தாலும், ஜென்ம விரோதியாக இருந்தாலும், கேட்கிறது என்பான். ஏனென்றால் கூப்பிடுகிறவனுக்குத் தன் குரல் எங்கே போய் விழுகிறது என்று தெரியாது, எதிரே இருக்கிறவன் சொல்லித்தான் தெரியும். அதில் போய் ஒருவன் பொய் சொன்னால் அந்தத் தொழிலே அவ்வளவுதான். வேணுகோபால் சார் அதைத்தான் செய்தார். அதையும் மற்ற மூன்று பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே செய்தார்.

செட்டு கரகரத்தது. சிங்காரவேலு. இந்தத் தடவை குரலில் கேலி இல்லை.

"சார், அம்சவள்ளி எனக்கு நல்லாக் கேக்குது. பக்கத்து வூட்ல நின்னு பேசற மாதிரி கேக்குது. க்யூடிஹெச் ஆவாரமேடு. நான் வாங்கித் தரேன், எழுதிக்குங்க. ஓவர்."

"சிங்காரவேலு, நீங்க உங்க ஸ்டேஷனை மட்டும் பாருங்க."

"பெரம்பலூர் அய்யாக்கண்ணு பேசறேன் சார். இங்கயும் தெளிவாக் கேக்குதுங்க. உங்களுக்கு மட்டும் கேக்கலன்னா உங்க ஏரியலை எறக்கிப் பாக்கணுங்க. ஓவர்."

தர்மன் வாத்தியார் கடைசியாக வந்தார். அவர் வேணுகோபால் சார் முன்னால் உட்காரக்கூட யோசிப்பவர். "சார்... தர்மன். மன்னிச்சிக்குங்க சார். கேக்குது" என்று மட்டும் சொன்னார்.

வேணுகோபால் சாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கோபப்பட்டால் இங்கிலீஷ் வந்துவிடும். டிசிப்ளின் என்றார், புரோசீஜர் என்றார். அவரவர் அடுத்த ஊருக்குப் போய் நின்று ரிப்போர்ட் செய்யவில்லை என்றால் டெல்லிக்கே எழுதி லைசென்சைப் பிடுங்க வைப்பேன் என்றார். லைசென்ஸ் என்றதும் அம்சவள்ளி மைக்கைக் கீழே வைத்துவிட்டாள், பொய் சொல்வானேன். அதை வாங்க அவள் பட்ட பாடு கொஞ்சமா? விசாரிக்க வந்த போலீஸ்காரர், 'காலனிப் பொண்ணுக்கு ஒயர்லெஸ் எதுக்கு?' என்று வாசலில் நின்றே கேட்டுவிட்டுப் போனவர். அவள் மைக்கை எடுத்தாள். குரல் இறங்கியிருந்தது.

"தாராளமா எழுதுங்க சார். எழுதறப்ப எந்த எடத்துலேர்ந்து பேசினேன்னு கேப்பாங்க. ஆவாரமேடுன்னு எழுதுங்க. அப்பயாவது எழுதித்தானே ஆவணும். ஓவர்."

அப்புறம் சிங்காரவேலுதான் பேசினார்.

"சார், அடுத்த ஊருக்குத்தானே போவச் சொன்னீங்க? கெளம்பிட்டேன். என் அடுத்த ஊரு ஆவாரமேடு. ஓவர்."

அவருடைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் சத்தம் ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்டபோது ஆவாரமேட்டுப் பெண்கள் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். மணலில் சக்கரம் புதைந்தது, நாலு பேர் இறங்கித் தள்ளினார்கள். வியர்த்து ஒழுக மேலே ஏறிவந்த சிங்காரவேலு ஓடையைத் திரும்பிப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், கட்டிலில் இருந்த காத்தாயியைப் பார்த்தார்.

"இதுல தண்ணி வந்தா எவன் தாண்டுவான்?" என்றார். "நான் படத்துல ஒரு கோடுன்னுல்ல நெனச்சேன்!"

ஏரியலை வேலியில் இழுத்துக் கட்டிவிட்டு அவரும் சொன்னார்: சிங்காரவேலு, க்யூடிஹெச் ஆவாரமேடு, ஓவர். சார் திருப்பிச் சொல்லவில்லை. மத்தியான வெயில் சாயும்போது அய்யாக்கண்ணு லாரியில் தொற்றிக்கொண்டு வந்து, பெட்டியைத் தலையில் வைத்து ஓடையை நடந்தே கடந்தார். அவரும் சொன்னார். கடைசியாகத் தர்மன் வாத்தியார் சைக்கிளை உருட்டிக்கொண்டு, திருட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர் போல முழித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்த கையோடு அவரும் சொன்னார். அரியலூர் மாடியில் இருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

காத்தாயி நாலு பேருக்கும் கம்பங்கூழ் கரைத்து வெங்காயத்தோடு கொண்டுவந்து வைத்தாள். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. தர்மன் வாத்தியார் மட்டும் ஒரு கணம் சட்டியைப் பார்த்தார். பிறகு எடுத்துக் குடித்தார்.

சாயங்காலம் செட்டில் சாரின் குரல் வந்தது. காலையில் இருந்த விறைப்பு அதில் இல்லை. பின்னால் யாரோ பேசுவதும் நாற்காலி நகர்வதும் கேட்டது.

"எல்லா ஸ்டேஷனுக்கும். தாசில்தார் வந்திருக்கார். படத்தைப் பார்க்கறார். எல்லாரும் உங்க க்யூடிஹெச் சொல்லுங்க. ஓவர்."

படத்தில் என்ன இருக்கும்? ஆள் நகர்ந்தால் ஊசியை எடுக்க வேண்டும் என்பதும் அவர் சட்டம்தான். நாலு பேரும் நகர்ந்துவிட்டார்கள். நின்ற இடத்தை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆக நாலு ஊசியும் டப்பாவில் கிடக்கும். நிமிஷத்துக்கு நிமிஷம் யார் எங்கே என்று காட்டுகிறேன் பாருங்கள் என்று சொல்லித் தாசில்தாரை வரவழைத்தவர், ஒரு ஆள்கூட இல்லாத படத்துக்கு முன்னால் அவரை நிறுத்தி வைத்திருந்தார்.

தர்மன் வாத்தியார் பதறி மைக்கை எடுத்தார். அம்சவள்ளி அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"யாரும் பேச வேணாம். நாம சொல்ல வேண்டியத சொல்லியாச்சு. இப்ப அவரு முறை."

"எல்லா ஸ்டேஷனுக்கும்... யாராவது கேட்கறீங்களா? ஓவர்."

நாலு செட்டும் சும்மா கிடந்தன. காத்தாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவளுக்கு ஒயர்லெசும் தெரியாது, சட்டமும் தெரியாது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வராமல் நிற்பது எப்படி இருக்கும் என்று மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும். இரக்கப்பட்டு, "பாவம், சொல்லித் தொலையேண்டி" என்றுகூடச் சொல்லிவிட்டாள். அம்சவள்ளி தலையை ஆட்டவில்லை.

இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு வேணுகோபால் சார், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"அம்சவள்ளி. சிங்காரவேலு. அய்யாக்கண்ணு. தர்மன். நாலு ஸ்டேஷனும்... ஆவாரமேடு. ஒதியங்குறிச்சி ஓடைக்குக் கிழக்கே. தாசில்தார் படத்துல அந்த இடத்தைக் காட்டச் சொல்றார். குத்தியிருக்கேன். வட்டமும் போட்டாச்சு. சரியா? ஓவர்."

சிங்காரவேலு தொடையில் தட்டி ஆர்ப்பரித்தார். அய்யாக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டார். அம்சவள்ளி மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். நாள் முழுக்கக் கொடுக்காமல் வைத்திருந்த அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். அவள் அக்காவைப் பார்த்தாள்.

"எடம் சரிங்க சார். இன்னும் முடியல, எழுதிக்குங்க. படகு ஊருக்குப் போயிட்டு இங்க வரக் கூடாது, கெழக்கால சுத்தி நேரா இங்க வரணும். தண்ணி ஏறினா சனம் இந்த வேப்பமரத்து மேட்டுலதான் நிக்கும். ஐப்பசிக் கடைசியில இங்க ஒரு பிரசவம் இருக்கு, வர்ற படகுல நர்சம்மா வரணும். மொதல்ல ஏத்த வேண்டிய ஆளு பேரு காத்தாயி."

மைக் பொத்தானில் இருந்து கையை எடுக்காமல் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"திருப்பிச் சொல்லுங்க சார். ஓவர்."